உப்பு கரைந்த தண்ணீர்

சாமவேதத்தைச் சேர்ந்த சாந்தோக்கிய உபநிடதத்தின் 6-ஆம் அத்தியாயத்தில் ஓர் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்கிறார்கள். 12 வயதில் குருகுலம் போன சுவேதகேது, 24 வயதில் எல்லாம் படித்துவிட்ட மிதப்போடு வீடு திரும்புகிறான். தந்தை உத்தாலகர் அவனை ராத்திரி தண்ணீரில் உப்பைப் போட்டு வைக்கச் சொல்கிறார். விடிந்ததும் அந்த உப்பை எடுத்து வரச் சொல்கிறார். துழாவிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. மேலாக ஒரு வாய், நடுவில் ஒரு வாய், அடியில் ஒரு வாய் குடிக்க வைக்கிறார். எல்லாமே உப்புக் கரிக்கிறது. உலகுக்கு மூலமான மெய்ப்பொருளும் இப்படித்தான் கண்ணில் படாமல் எங்கும் நிறைந்திருக்கிறது, அதுவே நீயும் என்கிறார். வெவ்வேறு உவமைகளோடு இதையே 9 முறை சொல்கிறார், எத்தனை பொறுமை!

ஆன்மாவும் பிரம்மம் எனப்படும் அந்த மெய்ப்பொருளும் ஒன்றே என்று இதற்குப் பொருள் கண்டார் ஆதிசங்கரர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரோ, ஆன்மா இறைவனுக்கு உடல், இறைவன் அதற்குள் உறையும் உயிர் என்றார். உடலால் உயிரைப் பிரிந்து நிற்க முடியுமா? பக்திக்கு இதைவிட உறுதியான அடித்தளம் வேறில்லை என்றே தோன்றுகிறது. இந்த விளக்கத்தைச் சொல்லும் அவருடைய வேதார்த்த சங்கிரகம், திருமலையில் வேங்கடவன் சன்னிதியில் அருளப்பட்டது என்பது வைணவ மரபு.