கரியமில வாயுவும் கடலோரத்து உயிர்களும்

காற்றில் கரியமில வாயு பெருகினால் பயிர்கள் செழிக்கும், ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்று வாதிடுவோர் கற்றவரிடையேயும் உளர். இவ்வாதத்தைப் பொய்யென ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் அது பாதி உண்மையே. மறுபாதியைக் காண, வள்ளியாறு கடலில் கலக்கும் கடியப்பட்டணம் கடற்கரையே போதும். அங்கே கரையில் தென்னைகள் நிற்கின்றன. அலை மோதும் பாறைகளில் சிப்பிகள் ஒட்டி வளர்கின்றன. ஒரே வாயு இவ்விரண்டையும் இருவேறு விதமாகப் பாதிக்கிறது.

தொழிற்புரட்சிக்கு முன்னர், பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு சுமார் 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958ஆம் ஆண்டு அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. 2024இல் 420ஐக் கடந்துவிட்டது. நெல்லும் தென்னையும் மரவள்ளியும் இப்பெருக்கத்தால் ஓரளவு பயனடைபவை. இவற்றின் இலையில் கரியமில வாயுவைப் பற்றும் நொதி சில வேளை பிராணவாயுவையும் பற்றி உழைப்பை வீணாக்கும். கரியமில வாயு மிகும்போது அவ்வீண் குறைகிறது. இலைத்துளைகள் சுருங்குவதால் நீரும் மிச்சமாகிறது. சோளம், கம்பு, கரும்பு முதலியன அவ்வாயுவைத் தாமே இலைக்குள் செறிவாக்கிக்கொள்பவை; அவற்றுக்கு ஆதாயம் சொற்பமே.

ஆனால் விளைச்சல் வேறு, சத்து வேறு. சீனாவிலும் ஜப்பானிலும் திறந்த வயல்களில் 18 நெல் வகைகளை 568 முதல் 590 பங்கு வரையிலான கரியமில வாயுவில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அரிசியில் புரதம் சராசரியாகப் பத்து விழுக்காடும், இரும்புச்சத்து எட்டு விழுக்காடும், துத்தநாகம் ஐந்து விழுக்காடும் குறைந்திருந்தன. மீனும் பருப்பும் தாராளமாக உண்பவருக்கு இது பெரிதல்ல. சோற்றையே நம்பி வாழும் ஏழைக்கு அப்படியல்ல.

இனிக் கடலுக்கு வருவோம். மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது. நீரில் கரைந்ததும் அது மென்மையான அமிலமாகிறது. கடல்நீர் இன்றும் காரத்தன்மை உடையதே. எனினும் தொழிற்புரட்சிக்குப் பின் அதன் மேற்பரப்பில் அமிலக்கூறு சுமார் 30 விழுக்காடு உயர்ந்துள்ளது. சிப்பி தன் ஓட்டைச் சுண்ணாம்பால் கட்டுகிறது. அதற்கு வேண்டிய கார்பனேட்டை இவ்வமிலக்கூறு பறித்துக்கொள்கிறது. சிப்பி ஓட்டில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும் அன்றோ, அந்த வினையின் மிக மெதுவான உறவினன் இது எனலாம். (சிப்பியை உண்பது பற்றி ஷாஃபிஈ, ஹனஃபி நூல்களில் உள்ள கருத்து வேறுபாடு தனிக் கட்டுரைக்குரியது.)

கரியமில வாயு 740 பங்கை எட்டினால் ஐரோப்பியச் சிப்பியினம் ஒன்றின் ஓட்டில் சுண்ணாம்பு படியும் வேகம் 25 விழுக்காடு குறையும் என்று 2007இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரிய சிப்பி இதை ஒருவாறு தாங்கும். முதல் ஓட்டைக் கட்டும் நுண்குஞ்சால் இயலாது. அமெரிக்காவின் ஆரகன் கரையில் 2007, 2008 ஆண்டுகளில் பொரிப்பகம் ஒன்றின் ஆளிக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஆழத்திலிருந்து மேலெழுந்த, கரியமில வாயு மிகுந்த குளிர்நீரே காரணம் என்பது பின்னர்த் தெரியவந்தது.

ஆழ்நீர் மேலெழுதல் நம் கரைக்கும் உரிய நிகழ்ச்சியே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குமரி முதல் கேரளக் கரை நெடுகிலும் அடிநீர் மேலே வருகிறது. அது கொணரும் உரத்தால்தான் சாளையும் நெத்திலியும் பெருகுகின்றன. ஆகவே அந்நீரைப் பகையென்று கூறுவது நன்றி மறத்தலாகும். இயல்பிலேயே கரியமில வாயு மிகுந்த அந்நீரின்மேல் நம் புகைபோக்கிகளின் பங்கும் சேர்வதே சிக்கல். குமரிக்கும் கொல்லத்துக்கும் இடைப்பட்ட பாறைகளில் செறிந்து வாழும் பழுப்புச் சிப்பி, பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, அதாவது அப்பருவத்திலேயே, முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முதல் ஓட்டைக் கட்ட வேண்டியது அந்த நீரில்தான்.