பால்யத்தின் வாசற்படி – 14: உருண்ட அறை

பீட்டர் பான் நாடகத்தின் நாயகன் ஜன்னல் வழியே பறந்து போனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். வளர மறுத்த அந்தப் பையனை விட்டு, அவன் தோழியாயிருந்து வளர்ந்துவிட்ட வெண்டியைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்ததும் உண்மைதான். ஆனால் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் வெற்றிலை வாங்கப் போன இடத்தில், பழைய சிநேகிதர் ஒருவர் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற மலையாளப் படத்தின் பேச்சை எடுத்துவிட்டார். அதன்பிறகு வெண்டிக்கு என் மனத்தில் இடமில்லாமற் போயிற்று.

நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் புதல்வர் ஜிஜோ இயக்கி, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக 1984 ஆகஸ்டில் வெளிவந்தது அது. மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட குட்டிச்சாத்தானை மூன்று குழந்தைகள் விடுவித்துத் தோழனாக்கிக்கொள்ளும் கதை. கொட்டகையில் கண்ணாடி கொடுத்தார்கள். என் பக்கத்து ஆசனத்துப் பெரியவர், தம் மூக்குக் கண்ணாடியின் மேலேயே அதையும் மாட்டிக்கொண்டு, திரையிலிருந்து நீண்டு வந்ததைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டு, நான் கவனித்ததை உணர்ந்ததும் மேல்துண்டைச் சரிசெய்வதாகப் பாவனை செய்தார்.

இவ்வளவும் பூர்வபீடிகை. நான் சொல்ல வந்தது அப்படத்தில் வரும் ஓர் அறையைப் பற்றி. இளையராஜாவின் பாட்டு ஒலிக்க, குழந்தைகள் தரையிலிருந்து சுவரேறி, விட்டத்தில் தலைகீழாக உலாவி, மறுசுவர் வழியே இறங்கி வருவார்கள். நம் திருவனந்தபுரத்துக்காரரும் 2023 டிசம்பரில் காலமானவருமான கலை இயக்குநர் கே. சேகர் கண்ட உபாயம், பெரிய இரும்புக் கூட்டுக்குள் அறையை அமைத்து, அந்த அறையையே உருட்டிவிடுவது. சாமான்கள் யாவும் அசையாமல் முடுக்கப்பட்டிருக்கும். காமிராவும் அறையோடு பிணைக்கப்பட்டு உடன் சுழலும். ஆகவே அதன் கண்ணுக்கு அறை நிலையாக நிற்க, குழந்தைகளே சுவரேறுவதாகத் தோன்றும். உண்மையிலோ அவர்கள், கீழே எது வருகிறதோ அதன்மேல் அடியெடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். சுவர் தரையாக மாறும் அந்த மூலையில் ஒரு கணம் பிந்தினால் சறுக்கல், முந்தினால் இடறல். 1951-இலேயே ஃபிரெட் அஸ்டேர் இதே யுக்தியில் ஆடியிருக்கிறார் என்று ஆட்சேபிப்பீர்கள். அவர் கைதேர்ந்த நர்த்தகர். இவர்கள் சிறு பிள்ளைகள். சாத்தானைவிட அந்தப் பாதங்களே எனக்கு அதிசயம்.

1998-இல் ‘சோட்டா சேத்தன்’ என்று இந்தியில் இப்படம் வந்தபோது, அக்குழந்தைகள் மீசையும் புடவையுமாக வளர்ந்துவிட்டிருந்தார்கள். திரையில் மட்டும் இன்னும் விட்டத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். லண்டனிலோ அந்நாளில் பீட்டர் பான் நாடகத்துக்கு ஆண்டுதோறும் குழந்தை நடிகர்களை நிறுத்தி உயரம் அளந்துவந்தார்களாம். அதிகம் வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு இடம் இருக்கவில்லை. அளவுகோலடியில் அவர்கள் உடம்பைக் குறுக்கி, அங்குலம் இரண்டங்குலம் களவாடப் பார்த்ததும் உண்டாம்.

வெண்டி? நாடகாசிரியரின் வாழ்நாளில் 1908 பிப்ரவரி 22 அன்று ஒரே ஓர் இரவு மட்டும் மேடையேறிய, அவள் வளர்ந்த காட்சியை அடுத்த வாரம் அவசியம் எழுதுகிறேன். கட்டுரையை வாங்கப் பத்திரிகை ஆசிரியர் அனுப்பிய ஆள் இரண்டாவது காபியையும் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.