உங்களுக்குத் தெரியுமா? கொழுக்கட்டைக்குள் சூப்!

ஷாங்காய் உணவகங்களில் மூங்கில் கூடையில் ஆவி பறக்க வரும் சியாவ்லாங்பாவ், பார்க்க நம்மூர்க் கொழுக்கட்டை மாதிரிதான். ஆனால் உள்ளே சூடான சூப் ததும்பும். அதை யாரும் ஊற்றி அடைப்பதில்லை! பன்றித் தோலைக் கொதிக்கவிட்டு எடுத்த சாறு, ஆறியதும் ஜெல்லியாக உறைந்துவிடும். அதை நறுக்கி இறைச்சியோடு பிசைந்து மாவில் மடிக்கிறார்கள். வேகும்போது அது உருகிவிடுகிறது.

அப்படியே வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும், ஜாக்கிரதை. கரண்டியில் வைத்து, ஓரத்தில் லேசாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். தொட்டுக்கொள்ள, இஞ்சிச் சீவல் போட்ட கறுப்பு வினிகர்.

இதற்குப் பேர்போன தைபேயின் ‘தின் தாய் ஃபங்’ உணவகம், 1958இல் தொடங்கியபோது சமையல் எண்ணெய்க் கடை! வியாபாரம் படுத்ததால், 1972இல் இந்தப் பக்கம் திரும்பியது. ஒவ்வொன்றிலும் 18 மடிப்பு என்பது அங்கே கறாரான கணக்கு.