ஆடவர் மனோராஜ்யமும் மகளிர் மனோராஜ்யமும்

மாணவர் விடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. வீரச்செயற் கதைகளை மேசைமேல் யாவரும் காண வைப்போர், காதற்கதை ஒன்று கைக்கு வந்தால் அதனைத் தலையணையின்கீழ் மறைத்து வைப்பர். முன்னது நற்பொழுதுபோக்கு எனப்படும். பின்னது பெண்டிர் படிக்கும் பொய்க்கதை என்று இகழப்படும். இரண்டும் பொய்க்கதையே யன்றோ? நிறைவேறாத ஆசைகள் எழுப்பிய மனோராஜ்யங்களே இரண்டும். அவை தம்முள் வேறுபடுமாற்றை ஆங்கில நாவல்கள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஆடவர் விழைவது புறம், மகளிர் விழைவது அகம் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அது முற்றும் பொருந்தாது. ஆடவர் கதையிலும் காதல் உண்டு. மகளிர் கதையிலும் போராட்டம் உண்டு. கதையின் முடிவை நோக்கினாலே வேற்றுமை நன்கு விளங்கும்.

ரைடர் ஹாகார்டு 1885-இல் வெளியிட்ட 'சாலமன் அரசனின் சுரங்கங்கள்' என்னும் நாவலில், ஆங்கிலேயர் மூவர் ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குச் சென்று, போரில் வென்று, வைரங்களுடன் மீளுகின்றனர். அவருள் ஒருவரிடம் அன்பு பூண்ட ஃபௌலாட்டா என்னும் நங்கையோ அங்கேயே மடிகிறாள். இயான் ஃபிளெமிங்கின் 'கசினோ ராயல்' 1953-இல் வெளிவந்தது. அதில் ஜேம்ஸ் பாண்டு மணக்க எண்ணிய வெஸ்பர் தற்கொலை செய்துகொள்கிறாள். 1963-இல் வந்த மற்றொரு நாவலில் அவன் மணந்த டிரேசி, மணநாளிலேயே கொல்லப்படுகிறாள். நாயகன் சிலகாலம் துயருறுகிறான். பின்னர் அடுத்த நூலில் மீண்டும் புறப்படுகிறான். அன்பு வேண்டும், அதனால் வரும் கடமை வேண்டா என்பதே இவற்றுள் மறைந்துள்ள ஆசை. வாடகையும் கடனும் பிள்ளையின் நோயும் அவ்வுலகில் நுழைவதில்லை.

மகளிர் மனோராஜ்யத்தின் போக்கு வேறு. பிற்காலக் காதற்கதைகளுக்குத் தாய் போன்றது, ஷார்லட் பிராண்ட்டே 1847-இல் வெளியிட்ட 'ஜேன் அயர்'. பொருளற்ற ஆசிரியையாகிய ஜேன், தான் வேலை செய்யும் இல்லத்தின் தலைவனாகிய ராச்செஸ்டரைக் காதலிக்கிறாள். அவனுக்கு மனைவி உண்டென்பது மணநாளில் வெளிப்பட, அவனைவிட்டு நீங்குகிறாள். பின்னர்த் தன் தந்தையின் உடன்பிறந்தார் வைத்துச்சென்ற 20,000 பவுன் அவளை அடைகிறது. அதனை உறவினர் மூவரோடு சமமாகப் பகிர்ந்துகொண்டு, ராச்செஸ்டரைத் தேடி மீளுகிறாள். அவனோ மனைவியைப் பலிகொண்ட தீவிபத்தில் ஒரு கையையும் கண்பார்வையையும் இழந்திருக்கிறான். இக்கதையில் நாயகன் மடிவதில்லை, செருக்கடங்கி மாறுகிறான். நாயகிக்கோ சொந்தப் பொருள் கிடைக்கிறது. இங்கும் ஒரு பெண் இறந்தே வழி திறக்கிறதென்பதை மறத்தலாகாது.

இவ்வாசை எழுந்த காரணம் வெளிப்படை. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன் இங்கிலாந்தில் மணந்த பெண்ணின் உடைமைமேல் கணவனுக்குப் பேரதிகாரம் இருந்தது. அத்தகைய உலகில் கணவன் கொடியனோ நல்லனோ என்பது பெண்ணுக்கு உயிர்நிலையான வினா. சட்டம் மாறியபின்னும் ஆசை மாறவில்லை. காதற்கதை படிக்கும் அமெரிக்க மகளிர் சிலரை வினவி ஜானிஸ் ராட்வே என்னும் ஆராய்ச்சியாளர் 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்முழுதும் பிறரைப் பேணும் அவர்கள், தம்மைப் பேணும் ஒருவனைக் கதையிற் காண்கின்றனர் என்றும், படிக்கும் நேரத்தையே தமக்கென அமைந்த ஓய்வாகக் கொள்கின்றனர் என்றும் அவர் விளக்கினார்.

இருவகையிலும் இடர் உண்டு. 1919-இல் ஹல் அம்மையார் எழுதிய 'ஷேக்' என்னும் நாவலில், தன்னைக் கவர்ந்துசென்று கற்பழித்தவனையே நாயகி காதலிக்கிறாள். கொடியவன் காதலால் திருந்துவான் என்பது ஏட்டில் இனிக்கும், இல்லத்தில் நஞ்சாகும். மனைவியின் முதுமையை ஒருநாளும் காணாத வீரனைப் போற்றி வளரும் இளைஞனும், உடன் வாழ்வதற்கு ஆயத்தமாகான்.

தலையணைக்கீழ்க் கிடந்த நூலைக் கண்டு நகைத்தவருள் யானும் ஒருவன். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபின் நகைப்பு அடங்கிற்று. உடன்வாழும் ஒருவனைக் கனவு காண்பவளைவிட, உடன்வாழ ஒருவரும் எஞ்சாத உலகைக் கனவு காணும் யானே நாணத்தக்கவன் என உணர்ந்தேன். நண்பர்காள், நுங்கள் மேசைமேல் உள்ள நூலையும் இவ்வாறு ஒருமுறை ஆராய்ந்து காண்பீராக.