மாங்காய் புட்டாவுக்குள் ஒளிந்த ஊர்ப்பெயர்

சத்தம் போடாமல் வாருங்கள். ஒரு பட்டுச்சேலை தறி ஏறுவதற்கு முன், வெறும் ஃபைலாக இருக்கும்போதே அதற்குள் எட்டிப் பார்க்கப் போகிறோம்!

ஊர் வெம்பாக்கம். ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறுபக்கம் ஆரணி. நடுவில் இருக்கும் இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்து ஊருக்குப் பட்டு பக்கத்து வீட்டுச் சொந்தம். முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, அட்டை குத்தி, ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். இன்று டிசைன் கம்ப்யூட்டரில் பிறக்கிறது, பென்டிரைவில் ஏறுகிறது, வாட்ஸ்அப்பில் பறக்கிறது. கையில் கிடைத்தவர் எல்லாம் 'இது என் டிசைன்' என்று சொல்லிவிட்டால்? மாங்காய் புட்டாவுக்குச் சரியான வளைவு தேடிக் கண்விழித்தவரின் பெயர் அதில் இருந்தே ஆகவேண்டும். யார் கண்ணிலும் படாமல் இருக்கவும் முடியும்!

ரகசியம் இதுதான். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 200 என்ற சிவப்பை 201 ஆக்குங்கள். எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்கோ 11001000 என்பது 11001001 ஆகிவிட்டது. அந்தக் கடைசி இலக்கம்தான் நம் ஒளிவிடம்!

'வெம்பாக்கம்' என்ற சொல்லை ஒளிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன், சிலிர்த்துவிட்டது. யூனிகோடில் 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 33 பைட், அதாவது 264 பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்தான் பிட்). நிறத்துக்கு ஒன்றாகப் புள்ளிக்கு 3 பிட் வீதம் 88 புள்ளிகள் போதும்! ஆயிரத்துக்கு ஆயிரம் அளவுள்ள படத்தில் 10 லட்சம் புள்ளிகள். அதில் வெறும் 88-க்குள் ஓர் ஊரின் பெயர் குடியேறிவிட்டது.

ஆனால், அதே படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கப்படும். முதலில் அடிபடுவது இந்தக் கடைசி இலக்கங்கள்தான். 1997-ல் ஆய்வாளர் இங்கமார் காக்ஸும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு துணிச்சலான வழி சொன்னார்கள்: யாரும் பார்க்காத மூலையில் ஒளிக்காதே, படத்தின் முக்கியமான பகுதியிலேயே மெலிதாகப் பரப்பு. குழம்பில் கரைத்த உப்பைத் தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாது. எடுக்கப் போனால் குழம்பே வீணாகும்!

டிஜிட்டல் தியேட்டர்களுக்காக ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் 2005-ல் வகுத்த விதிமுறையிலும் இப்படி ஒரு மறைமுத்திரை உண்டு. ஒவ்வோர் ஐந்து நிமிடப் படத்துக்குள்ளும் 35 பிட்: 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் இடத்துக்கு. திருட்டுத்தனமாக எடுத்த கேமரா பிரதியே எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் கால்மணி நேரத்தில் எடுத்தது என்று சொல்லிவிடும்!

இனி தறிக்கு வருவோம். இங்கேதான் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றுகிறது. ஜக்கார்டு பெட்டியில் கொக்கி இழையைத் தூக்கினால் 1, தூக்காவிட்டால் 0. சேலையே ஒரு பிட் வரிசை! 240 கொக்கி உள்ள பெட்டி என்றால், ஊடை ஒருமுறை ஓடும்போதே 240 பிட். ஆனால் பட்டில் 200-க்கும் 201-க்கும் இடம் இல்லை. இழை மேலே வரும், இல்லை கீழே போகும். ஃபைலில் ஒளித்த 88 புள்ளிகள் தறி ஏறும்போதே மறைந்துவிடும். அதனால் முத்திரையை டிசைனிலேயே வைக்கவேண்டும்: இலை நரம்பில் ஓர் இழை தள்ளி, மயிலின் கொண்டையில் ஒரு புள்ளி கூட்டி. வரைந்தவருக்கு அது கையெழுத்து. காப்பி அடிப்பவர் அதையும் சேர்த்தே அடிப்பார்!

2019-ல் உலகமே இதைப் பார்த்தது. பாடல் வரிகளைத் திரட்டும் ஜீனியஸ் நிறுவனம், அபாஸ்ட்ரஃபி (') குறிகளில் சிலவற்றை நேராகவும் சிலவற்றை வளைவாகவும் வைத்திருந்தது. அவற்றை மோர்ஸ் குறிகளாகப் படித்தால் 'கையும் களவுமாக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்! அதே வரிசை கூகுளின் தேடல் பக்கத்தில் தென்பட்டது. கூகுளோ, வரிகளை உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்குவதாகச் சொன்னது. வழக்கு நடந்தது, ஜீனியஸ் தோற்றது. பாடல்களின் பதிப்புரிமை அதனிடம் இல்லையே!

டிசைன் போடும் ஒவ்வொருவரும் மனதில் முடிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. மறைமுத்திரை 'இது யாருடையது' என்று சொல்லும். உரிமையைத் தருவது சட்டம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிகளைத் தாண்டிவிட்டால் பதிப்புரிமை போய்விடும். 2000-ம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிந்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் வெளியே காட்டிய டிசைன் புதியது ஆகாது.

ஆகவே முதலில் இலை நரம்பில் அந்த ஓர் இழையைத் தள்ளி வையுங்கள். அடுத்து பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குப் பிறகு அனுப்புங்கள் வாட்ஸ்அப்பில். உங்கள் மாங்காய் எந்த ஊர்த் தறியில் காய்த்தாலும் விதை உங்களுடையது!