முன் சில்லு ஒரு பக்கம் இழுக்கிறதா? சைக்கிளின் ‘போர்க்’கையும் கவனியுங்கள்

எமது கிராமங்களில் ஒரு பெண்ணின் அன்றாட அலுவல்களில் பாதி சைக்கிளை நம்பியே நடக்கின்றது. பாடசாலைக்கும் ரியூசனுக்கும் போகும் மாணவி, முன்பள்ளி ஆசிரியை, தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் தாய் எனப் பலரின் நாளும் அதில்தான் ஓடுகின்றது. 1990 இல் தொடங்கிய எரிபொருள் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடும்பங்களைச் சுமந்தது சைக்கிள்தான். 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது நாடு முழுவதும் மீண்டும் அதைத்தான் தேடியது.

ஆனால் அந்தச் சைக்கிளில் ஒரு பழுது வந்தால், “கடையில் கொடுத்துத் திருத்துவோம்” என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். மகள் மதகில் மோதி விழுந்துவிட்டாள் என்றால் முழங்காலுக்கு மருந்து போடுகிறோம். ரயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறோம். மறுநாள் அதே சைக்கிளில் அவளை அனுப்புகிறோம். முன்பக்கம் வளைந்திருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

முன் சில்லை இரு பக்கமும் பிடித்து நிற்கும், இரண்டு கால்கள் கொண்ட பகுதியே ‘போர்க்’. மோதும்போது முதல் அடியை வாங்குவது முன் சில்லும் போர்க்கும்தான். பின் சில்லு பழுதானால் வண்டி நின்றுவிடும். போர்க் முறிந்தால் ஆளை முகம் குப்புற விழுத்திவிடும். அதனால் இது செலவை மட்டுமல்ல, உயிரையும் தொட்ட விடயம்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

நேராக ஓடும்போது ஹாண்டில் கோணலாக நிற்பது, வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுப்பது, பிறேக் கட்டை றிம்மில் உரசுவது, முன்பு தட்டாத பாதம் இப்போது திரும்பும்போது முன் சில்லில் தட்டுவது ஆகியவை முக்கியமான அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். போர்க் பின்னோக்கி வளைந்தால் சில்லு மிதிக்குக் கிட்ட வந்துவிடும். அதனால்தான் பாதம் தட்டுகின்றது.

இந்த அறிகுறிகளுக்கெல்லாம் போர்க்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஹாண்டில், சில்லு, போர்க் ஆகிய மூன்றில் எதுவும் காரணமாகலாம். இலகுவானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு ஸ்பனரும் ஒரு சோக்கட்டியும் நேரான ஒரு தடியும் போதும்.

1. ஹாண்டில்

சைக்கிளுக்கு முன்னால் நின்று, முன் சில்லை இரு முழங்கால்களுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஹாண்டில் சில்லுக்குக் குறுக்காக நேராக நிற்கிறதா? விழுந்த சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான் திரும்பியிருக்கும். நடுவில் உள்ள போல்ட்டைச் சிறிது தளர்த்தி, ஹாண்டிலை நேராக்கி, மீண்டும் நன்றாக இறுக்குங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

2. சில்லு பொருந்தியிருக்கும் விதம்

ரியூப் ஒட்டிய பின் சில்லைச் சரியாகப் பொருத்தாமல் விடுவதுண்டு. சைக்கிளை நிலத்தில் நேராக நிறுத்தி, முன் அச்சின் இரண்டு நட்களையும் தளர்த்துங்கள். ஹாண்டிலை மேலிருந்து அழுத்தினால் அச்சு இரு பக்கமும் முழுமையாக உள்ளே போய் இருக்கும். பிறகு இரு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். காற்றையும் சரிபாருங்கள். காற்றுக் குறைந்த முன் ரயரும் வண்டியை இழுக்கச் செய்யும்.

3. சில்லைச் சுழற்றிப் பார்த்தல்

சைக்கிளைத் தலைகீழாக வைத்து முன் சில்லைச் சுழற்றுங்கள். றிம்முக்கும் போர்க் காலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள். சுழலும்போது இடைவெளி கூடிக் குறைந்தால் றிம் நெளிந்திருக்கிறது. கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் பெரும்பாலான நெளிவுகளைக் கடையில் எடுத்துவிடலாம். சில்லைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அச்சின் கோன்கள் தளர்ந்திருக்கலாம்.

இடைவெளி மாறாமல், ஆனால் சில்லு எப்போதும் ஒரு பக்கமாகவே ஒதுங்கி நின்றால் அடுத்த சோதனைக்குப் போகவேண்டும்.

4. சில்லை மாற்றிப் போட்டுப் பார்த்தல்

இதுதான் சில்லா போர்க்கா என்று தீர்த்துச் சொல்லும் சோதனை. போர்க் கால்களின் மேற்பகுதிக்கு நேரே வரும் இடத்தில் றிம்மில் சோக்கட்டியால் ஒரு அடையாளம் போடுங்கள். அங்கே இரு பக்க இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு சில்லைக் கழற்றி, இடப்பக்கம் வலப்பக்கமாகும்படி திருப்பிப் போட்டு, அச்சு முழுமையாக உள்ளே இருக்கிறதா எனப் பார்த்து இறுக்குங்கள். அடையாளத்தை முந்திய இடத்துக்கே கொண்டுவந்து மீண்டும் அளவுங்கள்.

முன்பு வலப்பக்கம் ஒதுங்கிய சில்லு இப்போது இடப்பக்கம் ஒதுங்கினால் குறை சில்லில் உள்ளது. கம்பிகளைச் சரிசெய்தால் போதும். திருப்பிப் போட்ட பின்னும் அதே பக்கமே ஒதுங்கினால் குறை போர்க்கில் உள்ளது. ஒரு கால் வளைந்திருக்கும், அல்லது அச்சு இருக்கும் பள்ளங்கள் சமமாக இருக்கமாட்டா. சோதனை முடிந்ததும் சில்லைப் பழையபடி போட மறக்க வேண்டாம்.

5. பக்கத்திலிருந்து பார்த்தல்

நேராக மோதிய சைக்கிளில் போர்க்கின் இரு கால்களும் ஒன்றாகப் பின்னோக்கி வளைந்திருக்கலாம். அப்போது மேலே சொன்ன இடைவெளிச் சோதனைகளில் எதுவும் தெரியாது. எனவே இதைத் தவறாமல் செய்யுங்கள். சைக்கிளை நேராக நிறுத்தி, ஹாண்டில் இறங்கும் பிரேம் குழாயின் பக்கத்தில் நேரான தடியைக் கீழ்நோக்கி நீட்டிப் பிடியுங்கள். சாதாரண சைக்கிள்களில் போர்க்கின் மேற்பகுதி அந்தக் கோட்டோடு ஒட்டிப் போய், கீழ்ப்பகுதி முன்னோக்கி வளையும். சில புதிய மாதிரிகளில் கால்கள் வளைவின்றி நேராக இருக்கும். எந்த மாதிரியாயினும் கால்கள் அந்தக் கோட்டுக்குப் பின்னே போகக்கூடாது. போனால் போர்க் வளைந்துவிட்டது.

விரலால் தடவியும் பாருங்கள். போர்க் கால்களின் மேல் முனையிலும், பிரேமின் கீழ்க் குழாய் முன்பக்கம் சேரும் இடத்தின் அடியிலும் பெயின்ற் வெடித்திருக்கிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிரேமிலும் சுருக்கம் இருந்தால் போர்க்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கடையில் என்ன சொல்வது?

“சைக்கிள் இழுக்குது” என்று மட்டும் சொன்னால் கம்பி இறுக்கிப் பணம் வாங்குவார்கள். இரண்டு நாளில் மறுபடியும் இழுக்கும். “சில்லை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அதே பக்கம்தான் நிற்குது, போர்க்கைப் பாருங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே வேறாகிவிடும்.

இரும்புப் போர்க்கில் சிறிய வளைவை அனுபவமுள்ள திருத்துநர் சூடாக்காமல் நிமிர்த்தித் தரமுடியும். ஆனால் சுருக்கமோ வெடிப்போ இருந்தால், அல்லது முன்பே ஒருமுறை நிமிர்த்தியது மறுபடி வளைந்திருந்தால், மாற்றுவதே சரி. நெருப்பில் காய்ச்சி நிமிர்த்த ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். காய்ச்சிய இரும்பு பலம் குறைந்துவிடும். அலுமினியப் போர்க்கை நிமிர்த்தவே கூடாது. புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சில்லின் அளவும் மேற்குழாயின் நீளமும் புரியும் ஒத்திருக்க வேண்டும்.

பழைய சைக்கிள் வாங்கும்போதும், அண்ணன் ஓடியதைத் தங்கைக்குக் கொடுக்கும்போதும் இதே சோதனைகளைச் செய்யுங்கள். புதிய பெயின்ற் பழைய வளைவை மறைக்கும், தடி காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் மாதர் சங்கத்தில் பொதுவாக ஒரு ஸ்பனர் செற் வாங்கி வைத்து, கூட்ட நாளொன்றில் எல்லோரும் தத்தம் சைக்கிளைச் சோதித்துப் பார்க்கலாம். வயதுவந்த பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுங்கள். சைக்கிள் ஓடப் பழகிய பெண், அது ஓடக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவும் பழகிவிட்டால், வீதியில் பயமின்றிப் போய்வரலாம்.