180 டாலர், 70 லட்சம் டாலர் ஆன கதை!

அமெரிக்காவில் ஒரு மூதாட்டி இறந்தார். அவருக்கு வயது 100.

அவர் குடியிருந்தது ஒரே ஒரு படுக்கை அறை உள்ள சின்ன வீடு. இருந்த காரும் திருட்டுப் போய்விட்டது. அதன் பிறகு அவர் வேறு கார் வாங்கவில்லை. எங்கே போனாலும் நடைதான். துணிமணிகளைப் பழைய சாமான் விற்கும் இடத்தில் வாங்கி உடுத்திக் கொள்வார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

"பாவம், ஏழைக் கிழவி!" என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அவர் தான் படித்த கல்லூரிக்கு விட்டுச் சென்ற சொத்து எவ்வளவு தெரியுமா? 70 லட்சம் டாலர்! 2010-ம் ஆண்டு மதிப்பில் 30 கோடி ரூபாய்க்கு மேல்!

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? லாட்டரியா? புதையலா?

இரண்டும் இல்லை. 1935-ம் ஆண்டில் அவர் ஒரு கம்பெனியின் பங்குகள் மூன்றை வாங்கினார். ஒரு பங்கு 60 டாலர். மொத்தம் 180 டாலர். அவற்றை அவர் கடைசி வரை விற்கவே இல்லை.

அனாதைச் சிறுமி

அவர் பெயர் கிரேஸ் குரோனர். 1909-ம் ஆண்டு பிறந்தவர். அவரோடு பிறந்த இரட்டைச் சகோதரி ஒருவர் உண்டு. 12 வயதில் இருவரும் தாய் தந்தையை இழந்தார்கள்.

சிகாகோ நகருக்கு வடக்கே லேக் ஃபாரஸ்ட் என்று ஓர் ஊர். பணக்காரர்கள் அதிகம் வாழும் ஊர். அங்கே இருந்த ஒரு குடும்பத்தார் இரண்டு சிறுமிகளையும் எடுத்து வளர்த்தார்கள். கல்லூரியிலும் படிக்க வைத்தார்கள். 1931-ல் கிரேஸ் பட்டம் பெற்றார்.

அது பொல்லாத காலம். 1929-ல் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் சரிந்து, பாங்கிகள் மூடிக் கிடந்தன. 1933-ல் அந்த நாட்டில் நான்கு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த நிலையிலும் கிரேசுக்கு ஒரு வேலை கிடைத்தது. 'அபாட்' என்ற மருந்துக் கம்பெனியில் காரியதரிசி உத்தியோகம். அதே கம்பெனியில் 43 ஆண்டுகள் வேலை பார்த்தார். அவர் வாங்கிய 3 பங்குகளும் அந்தக் கம்பெனியின் பங்குகளே.

சமையல் அறையில் பிறந்தது

இன்று அபாட் உலகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. ஆனால் பிறந்தபோது அப்படி இல்லை.

1888-ல் வாலஸ் அபாட் என்ற டாக்டர் சிகாகோவில் மருந்துக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேதான் அவர் வீடு. அந்த வீட்டுச் சமையல் அறையில் அவர் சின்னச் சின்ன மாத்திரைகள் செய்தார். அளவு தவறாமல் மருந்து கொடுக்க அவை உதவின. முதல் ஆண்டு விற்பனை சுமார் 2,000 டாலர்தான்.

கிரேஸ் பங்கு வாங்கிய காலத்திலும் அது இன்றைய அளவுக்கு அருகில்கூட இல்லை. 1930-களில் 'பென்டதால்' என்ற மயக்க மருந்தை அந்தக் கம்பெனியின் விஞ்ஞானிகள் கண்டு பிடித்தார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். உலகப் போரின்போது பென்சிலின் தயாரித்தார்கள். 1985-ல் ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அமெரிக்க அரசாங்கம் முதன் முதலாக அனுமதி கொடுத்தது. அதுவும் அபாட் தயாரித்ததுதான்.

பங்கு என்றால் என்ன?

பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு ஒரு மாவு மில் வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மில்லில் பத்தில் ஒரு பங்கு சொந்தம். ஆண்டு முடிவில் லாபம் வந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு. இதற்குத்தான் 'டிவிடெண்டு' என்று பெயர்.

லாபத்தை எடுத்துச் செலவு செய்யாமல் மில்லிலேயே போட்டால் இன்னொரு இயந்திரம் வாங்கலாம். மில் பெரிதாகும். பங்கின் மதிப்பும் ஏறும்.

ஒரு மில் இரண்டாவது எளிது. ஆயிரம் மில் இரண்டாயிரம் ஆவது அவ்வளவு எளிது அல்ல. சிறிய கம்பெனியின் பங்கில் வளர்ச்சிக்கு இடம் அதிகம் என்று சொல்வது இதனால்தான்.

பங்கின் விலை மிகவும் ஏறிவிட்டால், கம்பெனியே ஒரு பங்கை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது உண்டு. ஒரு தோசையை இரண்டாகப் பிய்ப்பது போலத்தான். அதனால் பசி கூடுதலாக அடங்காது! ஆனால் பிய்த்த ஒவ்வொரு துண்டும் மறுபடி முழுத் தோசையாக வளர்ந்தால்? அபாட் பங்குகள் பல முறை அப்படிப் பிரிந்தன. டிவிடெண்டாக வந்த பணத்துக்கும் கிரேஸ் மேலும் பங்குகளையே வாங்கினார். 3 பங்குகள் 1 லட்சத்துக்கு மேல் ஆயின.

கடைசியில்தான் மலை

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பணம் ஆண்டுக்குச் சுமார் 15 சதவிகிதம் வளர்ந்திருக்கிறது. அதாவது ஏறக்குறைய 5 ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பு.

ஒரே சீராக வளர்ந்தது என்று வைத்துக் கொள்வோம். 10 ஆண்டில் 180 டாலர் 720 டாலர் ஆகிறது. 20 ஆண்டில் 2,880 டாலர். 40 ஆண்டில் 46,000 டாலர். அப்போது கிரேசுக்கு வயது 66. வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

"நல்ல லாபம், போதும்" என்று வேறு யாராவது இருந்தால் அப்போதே விற்றிருப்பார்கள். அப்படி விற்றிருந்தால் அந்த 46,000 டாலரோடு கதை முடிந்திருக்கும். 60 ஆண்டில் அது 7 லட்சத்தைத் தாண்டுகிறது. மீதி 60 லட்சத்துக்கு மேற்பட்ட டாலரும் கடைசிப் 15 ஆண்டுகளில் வந்தவை!

அடிமேல் அடி

உண்மையில் பங்கு விலை ஒரே சீராக ஏறுவது இல்லை. கிரேசின் கம்பெனிக்கும் சோதனைகள் வந்தன.

'சைக்ளமேட்' என்று ஓர் இனிப்புப் பொருள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்ப்பது. அபாட் அதைப் பெரிய அளவில் தயாரித்தது. 1969-ல் அமெரிக்க அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. 1971-ல் இன்னொரு இடி. நோயாளிகளுக்கு ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து நீர்ப் புட்டிகளில் கிருமி கலந்திருப்பது தெரிய வந்தது. ஆஸ்பத்திரிகளில் இருந்த புட்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

1987 அக்டோபர் 19-ந் தேதி, ஒரே நாளில், அமெரிக்கப் பங்கு மார்க்கெட் 22 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தது. 2008-ல் மறுபடி ஒரு சரிவு.

ஒவ்வொரு தடவையும் விற்றுவிட்டு ஓடியவர்கள் ஏராளம். கிரேஸ் ஓடவில்லை. சாப்பாட்டுக்கு அவர் அந்தப் பங்குகளை நம்பி இருக்கவும் இல்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவர்களால் இப்படிக் காத்திருக்க முடியாது.

அவர் கஞ்சப் பிசினாரியும் அல்ல. ஓய்வு பெற்றபின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். ஊரில் கஷ்டப்பட்டவர்களுக்குப் பெயர் சொல்லாமல் உதவி செய்தார்.

நம் நாட்டிலும்

மராட்டிய மாநிலத்தில் அமல்னேர் என்று ஒரு சிறிய ஊர். 1945-ல் அங்கே வனஸ்பதி தயாரிக்கும் கம்பெனி ஒன்று தொடங்கியது. உள்ளூர் மக்கள் பலர் அதன் பங்குகளை வாங்கினார்கள். அந்தக் கம்பெனிதான் பிற்காலத்தில் 'விப்ரோ' ஆயிற்று. பங்குகளை விற்காமல் வைத்திருந்த குடும்பங்கள் கோடீசுவரக் குடும்பங்கள் ஆயின.

மூழ்கிய கப்பல்கள்

இதைப் படித்துவிட்டு, கண்ணில் பட்ட சின்னக் கம்பெனியின் பங்கை வாங்கி அலமாரியில் பூட்டலாமா? கூடாது!

அமெரிக்காவில் 'என்ரான்' என்று ஒரு கம்பெனி இருந்தது. அதன் ஊழியர்களும் கிரேசைப் போலவே சொந்தக் கம்பெனியின் பங்குகளில் சேமித்தார்கள். 2000-ம் ஆண்டில் ஒரு பங்கு சுமார் 90 டாலர். கணக்கில் மோசடி வெளியாயிற்று. 2001 டிசம்பரில் கம்பெனி திவால். பங்கு 1 டாலர்கூடப் பெறவில்லை. வேலையும் போயிற்று, முதுமைக்குச் சேர்த்த பணமும் போயிற்று.

பெசம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அமெரிக்க மார்க்கெட்டில் இருந்த சுமார் 25,000 கம்பெனிகளின் கணக்கைப் பார்த்தார். அரசாங்கக் கடன் பத்திரத்தைவிடக் கூடுதலாகக் கிடைத்த லாபம் முழுவதும் 100-க்கு 4 கம்பெனிகளால் வந்ததே! மற்ற 96-ம் சேர்ந்து கடன் பத்திரத்தின் அளவுக்குத்தான் கொடுத்தன.

சிறு கம்பெனிகளில் சொத்தைகள் அதிகம். 1981-ல் ரோல்ஃப் பான்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், நியூயார்க் மார்க்கெட்டில் சிறு கம்பெனிப் பங்குகள் பெரியவற்றைவிட அதிக லாபம் தந்ததாகக் காட்டினார். பிறகு வந்த ஆண்டுகளில் அந்த ஆதாயம் மங்கிவிட்டது. ஏன் என்பதற்கு 2018-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காரணம் சொன்னது. லாபம் இல்லாத, நிலையில்லாத சொத்தைக் கம்பெனிகள் மொத்தக் கணக்கையும் கீழே இழுத்துவிடுகின்றன. அவற்றின் பாதிப்பைக் கழித்துப் பார்த்தால் நல்ல சிறு கம்பெனிகளின் ஆதாயம் பளிச்சென்று தெரிகிறது.

நல்லது எது, சொத்தை எது? ஆண்டு தவறாமல் லாபம் வருகிறதா, கடன் குறைவா, மக்களுக்குத் தேவையான சரக்கா, கணக்கு நேர்மையா என்று பார்ப்பார்கள். பார்த்தாலும் தவறு நேரும். அதனால் பலருடைய பணத்தைச் சேர்த்து, பல நாட்டுச் சிறு கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் நிதிகள் வந்திருக்கின்றன. முன்னேறிய 23 நாடுகளின் சிறு கம்பெனிகளைக் கணக்கிடும் பட்டியல் ஒன்றில் சுமார் 4,000 கம்பெனிகள் இருக்கின்றன. நாலு மூழ்கினாலும் ஒன்று கரை சேர்க்கும் என்ற ஏற்பாடு. அப்படிப் போட்டால் 180 டாலர் 70 லட்சம் ஆகாது. 180-ம் பூஜ்யமாகும் அபாயமும் குறையும்.

கிரேசின் வீடு

2010 ஜனவரியில் கிரேஸ் கண்ணை மூடினார். அவர் பெயரில் ஏற்பட்ட தர்ம நிதிக்கு அந்தப் பங்குகள் போய்ச் சேர்ந்தன. மாணவர்கள் வெளிநாடு சென்று படிக்கவும், தொழில் பழகவும் அந்த நிதி உதவும்.

அந்தச் சின்ன வீட்டையும் கல்லூரிக்கே எழுதி வைத்திருந்தார். உதவி பெறும் மாணவிகள் அதில் தங்க வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்கு 'கிரேஸ் குடில்' என்று பெயர்.